வளர்மதியின் காப்பியில் என் மாத்திரை

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு ஆசனவாய் வழியாக விரலை விட்டுச் சோதித்தபோது நான் வாயே திறக்கவில்லை. பொய். நான் போட்ட சத்தத்தில், வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் உள்ளே பிரசவம் நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

நான் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறவன். காரைக்கால்மேட்டில் ஏலம் முடிந்ததும் மீன் ஏற்றிக்கொண்டு கும்பகோணம் வரை போவேன். ஐஸ் உருகுவதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று மூத்திரத்தை அடக்கிக்கொண்டு ஓட்டுவேன். அதையும் ஒரு திறமை என்று நினைத்திருந்தேன். ஒருநாள் இறங்கிப் போனால் சொட்டுச் சொட்டாக வருகிறது, தீயாய் எரிகிறது. அடியில் வலி. அன்றே குளிர்காய்ச்சல்.

புராஸ்டேட்டைட்டிஸ் (சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு மட்டும் இருக்கிற சுரப்பி வீங்கிப்போவது) என்றார் டாக்டர். பேர் வாயில் நுழையவே எனக்கு ஒரு வாரம் ஆனது. கல்ச்சரில் (சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கிருமி தெரிந்தது. ஒரு மாதத்துக்கு மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று.

இந்த நோய் வந்த எல்லோருக்கும் வரும் கேள்வி எனக்கும் வந்தது. பெண்டாட்டிக்கு ஒட்டுமா? டாக்டரிடம் கேட்டிருக்கலாம். நான் கேட்டது என்னோடு வண்டி ஓட்டும் சேகரிடம்.

“ஒட்டும்டா. எனக்கு வந்தப்ப ரெண்டு பேருக்கும்தான் மாத்திரை கொடுத்தாங்க. நீ மட்டும் தின்னா பத்தாது.”

சேகருக்கு வந்தது வேறு நோய். அதை அவனும் சொல்லவில்லை, நானும் விசாரிக்கவில்லை. உங்கள் ஊரிலும் ஒரு சேகர் இருப்பான். தயவுசெய்து அவனிடம் கேட்காதீர்கள்.

என் மனைவி வளர்மதியிடம் சொன்னால், எங்கே போய் வாங்கி வந்தாய் என்று கேட்பாளோ என்று பயம். நான் எங்கும் போனதில்லை. போகிற தைரியமும் கிடையாது, போனாலும் சேர்த்துக்கொள்கிற மூஞ்சியும் கிடையாது. ஆனால் தினம் தனியாக ஊர் ஊராகப் போகிறவன் அதை எப்படி நிரூபிப்பது? அதனால் காலை மாத்திரையை நான் போட்டுக்கொண்டேன். ராத்திரி மாத்திரையைப் பொடித்து, சாயங்காலம் அவள் காப்பியில் கலந்தேன்.

இருபது வருடம் அடுப்படிப் பக்கமே போகாதவன் காப்பி போட்டுக் கொடுத்ததில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. “கொஞ்சம் கசக்குதுங்க,” என்பாள். “டிக்காஷன் தூக்கலா இருக்கு,” என்பேன். மிச்சம் வைக்காமல் குடிப்பாள்.

பத்து நாளில் அவள் கையெல்லாம் தடிப்பு, அரிப்பு. இறால் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவளே முடிவு செய்து, உயிராகத் தின்னும் இறாலை விட்டுவிட்டாள். மாத்திரையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியது. தள்ளிவிட்டேன்.

மாதம் முடிந்தும் என் எரிச்சல் தீரவில்லை. இரண்டாம் முறை டாக்டரிடம் வளர்மதியும் வந்தாள்.

“மாத்திரையை விடாம சாப்பிட்டீங்களா?”

“சாப்பிட்டேங்க.”

“அப்ப மருந்துக்குக் கேட்டிருக்கணுமே.”

“காலையில போடுறதைப் பார்த்திருக்கேன் டாக்டர்,” என்றாள் வளர்மதி. “ராத்திரி போட்டு நான் பார்த்ததில்ல.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள். சொல்லிவிட்டேன்.

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். “அவங்க கையைப் பாருங்க. சில பேருக்கு இது மூச்சையே அடைச்சிடும். நீங்களும் பாதி மருந்துதான் சாப்பிட்டிருக்கீங்க. என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?”

பிறகு விளக்கினார். இந்த வீக்கம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. பல பேருக்கு இதில் கிருமியே இருக்காது. எனக்கு வந்தது என் குடலில் இருக்கிற கிருமி, மூத்திரப் பாதை வழியாக ஏறியது. உடலுறவால் வரும் சில கிருமிகளும் இந்தச் சுரப்பியை வீங்க வைக்கும். அப்படியென்றால் அந்தக் கிருமி கணவனிடமிருந்து மனைவிக்கும் தொற்றலாம். அப்போது இருவரையும் சோதித்து, இருவருக்கும் தனித்தனியாக மருந்து தருவார்கள். எனக்கு அந்தச் சோதனை முதலிலேயே எடுத்தாயிற்று. அப்படி எதுவும் இல்லை.

ஆஸ்பத்திரி வராண்டாவில் வளர்மதி நின்றாள்.

“அப்ப அந்தக் காப்பி எனக்காகப் போட்டது இல்லையா?”

“உனக்காகத்தான் புள்ள. உனக்கு வந்துடக் கூடாதுன்னு…”

“பக்கத்து வீட்டுல எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டேங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்.”

நான் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து வாங்கும் வரிசையில் போய் நின்றேன்.

புது மாத்திரை ஆறு வாரம். அட்டையை அவளே வைத்துக்கொண்டாள். இரண்டு வேளையும் என் உள்ளங்கையில் வைத்து, விழுங்கும்வரை பார்த்துவிட்டுப் போவாள். என் கையால் ஒரு சொம்புத் தண்ணீர்கூட வாங்கவில்லை. வெந்நீரில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். என் அகலத்துக்கு வீட்டில் பேசின் இல்லாமல், மீன் அள்ளும் டப்பில் உட்கார்ந்தேன். அதைப் பார்த்தும் அவள் சிரிக்கவில்லை. அது வலியைவிடப் பெரிய வலி.

இப்போது மணிக்கொரு தரம் வண்டியை ஓரங்கட்டுகிறேன். ஐஸ் உருகினால் உருகட்டும். முன்பெல்லாம் ரோட்டைத் தவிர எதையும் பார்த்ததில்லை. இப்போது நடவு எந்த வயலில் முடிந்தது, எதில் பாக்கி என்று சொல்வேன். வலி எட்டிப் பார்க்கும் நாளில் கோபப்படாமல் கொஞ்ச நேரம் நிற்கிறேன். எனக்குக் கீழ்ப்பக்கமும் ஒரு உடம்பு இருக்கிறது என்று நாற்பத்தாறு வயதில்தான் தெரிந்தது.

போன வாரம் எடுத்த கல்ச்சரில் கிருமி இல்லை. அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் வளர்மதி தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “ஒண்ணு கேட்பேன், மறைக்காம சொல்லணும்,” என்றாள். சரி என்றேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து…

“என்னங்க, அதையுமா எழுதுறீங்க?” இதை எழுதுகிறபோதே வளர்மதி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டாள். “பேனாவை வெச்சுட்டு உள்ள வாங்க.”