பிளாப்பியின் நெற்றியில் வைத்த பொட்டு

பெரம்பலூரில் இருக்கும் என் மருமகன் கேம் ஆடுவதற்கென்றே ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறார். அதற்குள் ஏழு மின்விசிறிகள் இருக்கின்றன. எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் வீடு முழுக்கத் தேடினாலும் நாலுதான் தேறும். ஏழு சுற்றியும் அது சூடாகிறதாம், புதுசாக ஒரு கிராபிக்ஸ் கார்டு போட வேண்டுமாம். "உங்க காலத்துல இந்தத் தொல்லையெல்லாம் கிடையாது மாமா" என்றார். எனக்குக் கோபம் வந்தது. அவர் இன்னும் கார்டைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார். நான் ஒரு கேமுக்காக ஏ.சி. அறை வேலையையே இழக்கப் பார்த்தவன்.

எண்பதுகளின் கடைசியில் அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்க ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். அதற்கு முன்னால் பதினோரு வருஷம் அதே சுரங்கத்தின் எடைமேடையில் இருந்தேன். ஒரு நாளைக்கு நூற்றிருபது லாரி வரும். கிளம்பும் புழுதியில் பாதி சாலைக்கும் பாதி என் நெஞ்சுக்கும் போனது. இழுப்பு வந்துவிட்டது. தூசி ஆகாது, உள்வேலைக்கு மாற்றுங்கள் என்று ஆறு மனு எழுதினேன். பதில் இல்லை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. திருச்சியிலிருந்து வந்த இஞ்சினியர் "மெஷினுக்குத் தூசி ஆகாதுங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். எட்டே நாளில் அதற்கு ஏ.சி. அறை தயாரானது. மேனேஜர் அறையில்கூட ஃபேன்தான்.

எண்களில் தப்பு விடமாட்டேன் என்பதால் அந்த அறைக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டார்கள். சாயங்காலம் பூட்டிச் சாவியை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போவேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் இருமல் அடங்கிவிடும். எடைமேடையில் மணிக்கு நாற்பது இருமல் இருமியவன், இங்கே மூன்றோடு நிறுத்திக்கொண்டேன். மெஷின் தயவில் நான் மூச்சு விட்டேன்.

மெஷினை நிறுவிவிட்டுப் போன இஞ்சினியர் ஒரு பிளாப்பியை மறந்து வைத்துவிட்டார். அப்போதைய பிளாப்பி பெரிய அப்பளம் அளவுக்கு இருக்கும். கறுப்பு உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு, அது வழியாக உள்ளே இருக்கும் தட்டு தெரியும். அதைப் போட்டால் பச்சைத் திரையில் மேலேயிருந்து கல் கல்லாக விழும். கீழே ஒரு வண்டி. இடமும் வலமும் நகர்த்திக் கல்லைச் சுட வேண்டும். காலையிலிருந்து கல்லையே கணக்கெடுக்கும் நாங்கள் சாப்பாட்டு நேரத்திலும் கல்லைத்தான் சுட்டோம். முதல் வாரம் டைப்பிஸ்ட் அம்மா எட்டிப் பார்த்தார். இரண்டாம் வாரம் டிபன் பாக்ஸோடு உள்ளே வந்துவிட்டார். மூன்றாம் வாரம் அறைவாசலில் ஒன்பது ஜோடி செருப்பு கிடந்தது.

மருமகன் சொல்லும் தொல்லைகள் எங்களுக்கும் இருந்தன. பன்னிரண்டு கல்லுக்கு மேல் சேர்ந்து விழுந்தால் மெஷின் தாங்காது, வண்டி அப்படியே நின்றுவிடும். கரண்ட் குறைந்தால் ஸ்டெபிலைசர் டிக்கென்று ஒரு சத்தம் போடும், ஆட்டம் போய்விடும். கீபோர்டில் சுடுவதற்கான நீளக் கட்டை அடிபட்டு அடிபட்டு ஒருபக்கம் சாய்ந்தது. பஸ் டிக்கெட்டை நாலாக மடித்து அதன் அடியில் செருகினேன்.

விஷயம் மேனேஜர் காதுக்குப் போனது. மறுநாள் நோட்டீஸ் ஒட்டினார். கம்ப்யூட்டரில் விளையாடினால் பொறுப்பாளர் எடைமேடைக்கு அனுப்பப்படுவார். விளையாடியது ஒன்பது பேர், எடைமேடை எனக்கு மட்டும். அன்றோடு எல்லாரையும் துரத்திவிட்டேன். ஆனால் பிளாப்பியைத் தூக்கியெறிய மனசு வரவில்லை. அதிலே என் ஸ்கோர் 8,910 இருந்தது. முதலிடத்தில் இருந்தவர் 9,340. பெயருக்கு மூன்று எழுத்துப் போட வேண்டிய இடத்தில் அவர் மூன்று கோடு போட்டிருந்தார். யாரென்று கேட்டுப் பார்த்தேன். எட்டுப் பேரும் கையை விரித்தார்கள்.

ஆயுத பூஜை வந்தது. லெட்ஜர், டைப்ரைட்டர், திரை, ஸ்டெபிலைசர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டும் குங்குமமும் வைத்தோம். லாரி கணக்கு பிளாப்பிகள் பதினாலுக்கும் காகித உறையின் மேல் வைத்தேன். பதினைந்தாவதை மட்டும் விடுவதா? யாரும் பார்க்காதபோது காகித உறையிலிருந்து வெளியே எடுத்தேன். அந்த நீள்வட்டத் திறப்பு நெற்றி மாதிரியே இருந்தது. அங்கேயே வைத்தேன். கொஞ்சம் தாராளமாகவே வைத்தேன்.

விஜயதசமியன்று நல்ல நேரம் பார்த்து அந்தப் பிளாப்பியைத்தான் முதலில் போட்டேன். கரகரவென்று அம்மி அரைப்பதுபோல் ஒரு சத்தம். அதன்பிறகு பதினாலில் ஒன்றைக்கூட மெஷின் படிக்கவில்லை. லாரி ஸ்டேட்மெண்ட் ஹெட் ஆபீஸுக்குப் போக வேண்டிய நாள் மறுநாள்.

"முப்பது வருஷமா என் டைப்ரைட்டருக்குப் பொட்டு வைக்கிறேன், ஒரு நாளும் இப்படி முனகினதில்ல" என்றார் டைப்பிஸ்ட் அம்மா. "உங்க மெஷினுக்குச் சாமி ஆகல போலருக்கு சார்."

மறுநாள் காலை பஸ்ஸில் இஞ்சினியர் வந்துவிட்டார். மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். பிளாப்பி போடும் பெட்டியைத் திறந்த இஞ்சினியர் பஞ்சால் உள்ளே துடைத்தார். பஞ்சு சிவப்பாக வந்தது.

"என்னங்க இது, குங்குமம்?"

"முகர்ந்து பாருங்க, சந்தனமும் இருக்கும்" என்றார் டைப்பிஸ்ட் அம்மா.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "எந்தப் பிளாப்பியிலேருந்துய்யா வந்துச்சு?"

ரிஜிஸ்டரை நீட்டினேன். பதினாலு பிளாப்பி, பதினாலு பொட்டு, எல்லாம் உறை மேல். பதினைந்தாவது என் டிபன் பையில் இருந்தது. எடைமேடைப் புழுதி அப்போதே தொண்டைக்கு வந்துவிட்டது. இருமினேன்.

இஞ்சினியர் அரைமணி நேரம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தார். "டெஸ்ட் பண்ண ஒரு பிளாப்பி குடுங்க. கெட்டாலும் பரவாயில்லாததா இருக்கணும்."

பதினாலும் கெட்டுப்போகக் கூடாதவை.

"அந்தப் பதினஞ்சாவதைக் குடுய்யா" என்றார் மேனேஜர்.

ரிஜிஸ்டரில் இல்லாத ஒன்றை அவர் எண்ணி வைத்திருக்கிறார். பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். தன்னுடைய பிளாப்பி என்று இஞ்சினியருக்குத் தெரிந்துவிட்டது. தெரியாதவர் மாதிரி அதையும் துடைத்துப் போட்டார். கரகரப்பு இல்லை. பச்சைக் கல் ஒன்று விழுந்தது.

மேனேஜர் குனிந்தார். குரலைத் தாழ்த்தி, "ஸ்கோர் இருக்கா பாருங்க" என்றார்.

இருந்தது. மூன்று கோடு, 9,340. அவர் மூச்சு விட்ட சத்தம் ஏ.சி. சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. டைப்பிஸ்ட் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்.

சாயங்காலத்துக்குள் ஸ்டேட்மெண்ட் போய்ச் சேர்ந்தது. நான் எடைமேடைக்குப் போகவில்லை. அடுத்த வாரமே, புள்ளிவிவரப் பணிகள் பெருகிவிட்டதால் கூடுதல் மெமரியும் கலர் திரையும் புதுக் கீபோர்டும் உடனே தேவை என்று மேனேஜர் ஹெட் ஆபீஸுக்கு எழுதினார். என் ஆறு மனுவையும் சேர்த்தால்கூட அதில் பாதி நீளம் வராது. நோட்டீஸைக் கிழிக்கவில்லை. அதன் கீழே ஒரு வரி சேர்த்தார்: தினமும் ஒன்று முதல் இரண்டு வரை மெஷின் சோதனை, யாரும் உள்ளே வரக்கூடாது.

அந்த ஒரு மணி நேரம் நான் வாசல் பெஞ்சில், ஒரே ஒரு ஜோடி செருப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எதிரே லாரிகள் போகும், புழுதி வரும். முதல் நாள் இருபத்தேழு வரை எண்ணினேன். இருபத்தெட்டாவது இருமலுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது.

"யோவ், மெதுவா இருமுய்யா. கவனம் சிதறுது."