தவ்லத்தைத் தெரியாதென்றவர்

6,340 மீற்றர். லண்டன் கிங்ஸ்பரியில் வசிக்கும் ரதீசன் தனது நாற்பத்தைந்து வயதுக்குள் தொட்ட ஆகக் கூடிய உயரம் அதுதான். மலை அதற்கு மேலும் எழுநூறு மீற்றர் நின்றது. அந்த எழுநூறைப் பற்றித்தான் சனம் அவரிடம் துக்கம் விசாரிக்கிறது. அவருக்கோ அது ஒரு பொருட்டே இல்லை.

காலையில் ஜூபிலி ரயிலேறி கனரி வார்ஃபில் இறங்கினால், நாற்பது மாடிக் கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பது அவருடைய தொழில். உயரம் பழகியது சுவிஸில். பதின்மூன்று வயதில் அகதியாகப் போய், பதினைந்தில் பேர்ண் நகரத்து உணவகமொன்றில் கோப்பை கழுவியபோது, கூட நின்று வெங்காயம் உரித்த கஸ்பர் என்ற சுவிஸ்காரப் பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை மலைக்கு இழுத்துக்கொண்டு போனான். அன்று பிடித்த பைத்தியம். பிள்ளைகள் இங்கிலிஷில் படிக்கட்டும் என்று பிறகு குடும்பத்தோடு லண்டனுக்கு வந்தும் அது விடவில்லை. போன கோடையில் கஸ்பர் தலைமையில் நான்கு பேர் ஏழாயிரம் மீற்றர் சிகரமொன்றுக்குப் புறப்பட்டார்கள். மலையின் பெயரும் நாட்டின் பெயரும் இங்கே வேண்டாம். அங்கே ஒரு குடும்பத்தின் வழக்கு இன்னும் முடியவில்லை.

அரசுக்கும் மலைவாசிகளுக்கும் பல வருடமாகப் புகைந்துகொண்டிருந்த பகுதி அது. நால்வரும் மூன்றாவது முகாமில் காற்று அடங்குவதற்காகக் காத்திருந்தபோது, கீழே மாவட்டத் தலைநகரில் துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்டது. தொலைபேசி இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. மேலே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொல்ல ஏறி வந்தவர் சமையற்காரர் தவ்லத். அடிவார முகாமில் சோறு சமைப்பதோடு அவருடைய வேலை முடிந்துவிடும். ஆனாலும் பனிச் சப்பாத்துக்கூட இல்லாமல், ரப்பர் சப்பாத்தோடு, முதலாம் முகாம் வரை தனியாக ஏறி வந்து, கைவிளக்கை அணைத்து அணைத்து மேலே சைகை காட்டினார். என்னவென்று பார்க்க அங்கே இறங்கி வந்தவர்களிடம், பாதையை மூடப்போகிறார்கள், உடனே இறங்குங்கள் என்றார். இறங்கினார்கள். மலை முயற்சி அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் இரண்டு ஜீப். முன் ஜீப்பில் கஸ்பரும் மற்ற இருவரும். பின் ஜீப்பில் சாமான்களோடு ரதீசனும் தவ்லத்தும். ஆற்றுப் பாலத்தருகே இராணுவச் சாவடி. முன் ஜீப்பை விட்டுவிட்டார்கள். பின் ஜீப்பில் தவ்லத்தை இறக்கி, நீ யார் என்று கேட்டார்கள். வெளிநாட்டவர்களின் சமையற்காரன் என்றார் அவர். ஒரு சிப்பாய் ஜன்னலுக்குள் தலையை விட்டு, உடைந்த ஆங்கிலத்தில் கேட்டான்.

"இவன் உங்கட ஆளா?"

"தெரியாது" என்றார் ரதீசன்.

தவ்லத்துக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ரதீசனுக்குக் கேள்வி விளங்கவில்லையாக்கும் என்று நினைத்திருப்பார். நெஞ்சில் கையை வைத்து, "குக், மிஸ்டர் ரதி. குக்!" என்றார். சிப்பாய் மறுபடியும் கேட்டான். ரதீசன் முன் கண்ணாடியைப் பார்த்தபடி தலையை இல்லையென்று ஆட்டினார். சாரதியின் தோளில் தட்டி, போகச் சொன்னார்கள். பாலம் கடந்ததும் காத்து நின்ற கஸ்பரிடம், "இழுத்து இறக்கிவிட்டார்கள், ஒன்றும் செய்ய முடியவில்லை" என்றார் ரதீசன். கஸ்பர் அதை அப்படியே நம்பினான். ஊர் திரும்பியதும் பத்திரிகைகளுக்கும் அப்படியே சொன்னான்.

ஏன் அப்படிச் சொன்னார்? போர்க்காலத்தில் வன்னியால் வந்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ரதீசனின் பன்னிரண்டு வயதில், வவுனியாவுக்கு வரும் வழியில் ஒரு சாவடி. பக்கத்து வீட்டு வாத்தியாரைப் பிடித்து வைத்துக்கொண்டு, வரிசையில் நின்ற தாயிடம் தெரியுமா என்று கேட்டார்கள். தாய் தெரியாதென்றாள், கேட்டுக்கொண்டு நின்ற மகனின் தொடையில் கிள்ளினாள். வாத்தியாரும் கோபிக்கவில்லை. வேற்று ஆளைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தார். தெரியும் என்றால் இரண்டு பேர் அகப்படுவார்கள். தெரியாதென்றால் ஒருவராவது வீடு போய்ச் சேருவார். பிடிபட்டவரும் அதையே விரும்புவார். அந்தப் பாதையில் அது துரோகம் இல்லை, நடைமுறை.

ரதீசன் லண்டன் திரும்பி மூன்றாவது கிழமை. பழைய மாணவர் சங்கத்துப் பாலேந்திரா அண்ணை போன் அடித்தார்.

"டேய் தம்பி, உச்சி என்னடா உச்சி! எங்கட சங்கத்தில அரைவாசிப் பேருக்கு வெம்பிளி ஸ்டேசன் படி ஏறவே மூச்சு வாங்குது. நீ ஆறாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறாய். ஞாயிற்றுக்கிழமை ஹோலுக்கு வா, பொன்னாடை போடுறம்."

"அண்ணை, நான் தோத்துப்போயெல்லோ வந்தனான்."

"அதுக்கென்ன? தோத்தவைக்குப் பொன்னாடை போட்டு எங்களுக்கு நல்ல பழக்கம்."

சிரித்துவிட்டு வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை கஸ்பர் காணொளியில் வந்தான். கூடவே, அந்த ஊரில் இருந்தபடி, தவ்லத்தின் தங்கை ஷிரின், ஆங்கில ஆசிரியை. பேச்சைச் சுற்றி வளைக்கவில்லை அவள்.

"அண்ணன் மேல் வழக்குப் போட்டிருக்கிறார்கள். ஆயுதக்காரர்களுக்குத் தூது போனவராம். சமையற்காரன் என்று பொய் சொன்னாராம். கூட வந்த வெளிநாட்டவரே தெரியாதென்று இரண்டு தடவை சொன்னாராம். வழக்கே அதில்தான் நிற்கிறது."

"பச்சைப் பொய்!" என்று கஸ்பர் கத்தினான். "எங்களில் ஒருவன் அப்படிச் சொல்லுவானா? ரதி, நீதானே ஜீப்பில் இருந்தாய், சொல்லு அவளுக்கு."

ரதீசன் நெட்வேர்க் சரியில்லை என்றார். இணைப்பைத் துண்டித்தார்.

மகளின் பாடசாலைச் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்த மனைவி சிவகௌரி நிமிர்ந்தாள்.

"இஞ்சேருங்கோ. வைஃபை நல்லாத்தானே வேலை செய்யுது?"

அவர் சொன்னார். வந்த நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை, சோஃபாவின் நுனியில் இருந்துகொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார். சிவகௌரி அயர்னை நிமிர்த்தி வைத்தாள். அவளும் அந்தப் பாதையால் வந்தவள்தான்.

"நானெண்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பன். எங்கட ஆக்கள் ஆரெண்டாலும்."

"அது அங்க, கௌரி. இது வேற இடம். என்ர கையில சுவிஸ் சிவப்புப் பாஸ்போட் இருந்தது. ஓம், எங்கட ஆள்தான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கள். வாய் தன்ர பாட்டில சொல்லிப்போட்டுது."

"சரி. முதல் தரம் வாய் சொன்னது." அவள் குரலை உயர்த்தவில்லை. "ரெண்டாந்தரம்?"

அந்தக் கேள்வியைத்தான் அவர் மூன்று கிழமையாகக் கயிற்றில் தொங்கியபடி தனக்குத்தானே கேட்காமல் தப்பித்து வந்தவர். அயர்னிலிருந்து ஆவி சீறியது.

"ரெண்டாந்தரம் எனக்கு விளங்கினது. அந்தாள் நெஞ்சில கையை வச்சுக்கொண்டு நிக்குது. சொன்னதை மாத்தினா என்னையும் இறக்கிப்போடுவாங்களோ எண்டு பயந்துபோனன்."

"அப்ப அதைச் சொல்லுங்கோ, கஸ்பரிட்ட. வவுனியாக் கதையைச் சொல்லி அவன்ர வாயை அடைக்காதேங்கோ."

"அவன் என்னோட கதைக்கமாட்டான், பிறகு."

"கதைக்காட்டிப் போறான். அங்க மனுசன் சிறையில மறியல்ல கிடக்குது."

அவர் கஸ்பரை அழைத்தார். ஜெர்மனில், நான்கு வசனம். இரண்டாவது தடவையையும் சேர்த்து.

"இழுத்து இறக்கினார்கள் என்று நான் பத்திரிகையில் சொல்லியிருக்கிறேன், ரதி."

"தெரியும்."

"அவர் எங்களுக்காக மேலே ஏறி வந்தவர்."

"தெரியும், கஸ்பர்."

"ஷிரினுக்கு நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு." அதோடு வைத்துவிட்டான். பேர்ண் சமையலறையில் தொடங்கிய முப்பது வருடச் சிநேகிதத்தில், போய்வருகிறேன் என்று சொல்லாமல் அவன் வைத்தது அன்றுதான்.

ஷிரின் திட்டவில்லை. திட்டுவாள் என்று எதிர்பார்த்து, அதற்கு மனதைக் கட்டி வைத்திருந்த ரதீசனுக்கு அது பெரிய இடி.

"அண்ணனின் வக்கீல் அவரைப் பார்த்தார்," என்றாள். "உங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறார். மிஸ்டர் ரதிக்கு அந்தச் சிப்பாயின் ஆங்கிலம் விளங்கவில்லை, நல்ல மனிதர், அவரைக் குறை சொல்லாதீர்கள் என்றாராம் அண்ணன்."

"விளங்கியது," என்றார் ரதீசன். "எல்லாம் விளங்கித்தான் சொன்னேன்."

"அதை நீதிபதி முன்னால் சொல்வீர்களா? விளங்கியது, பயத்தில் பொய் சொன்னேன் என்று? வேறு மாதிரிச் சொன்னால் எங்களுக்குப் பிரயோசனமில்லை."

"சொல்லுவேன்."

"சரி," என்றாள். நன்றி சொல்லவில்லை. அதற்காக மட்டும் அவர் அவளுக்கு நன்றியோடு இருந்தார்.

சனிக்கிழமை காலை பாலேந்திரா அண்ணைக்கு அடித்து, வரமாட்டேன் என்றார். காரணத்தையும் ஒளிக்கவில்லை.

"தம்பி, இதையெல்லாம் வெளியில சொல்லிக்கொண்டு திரியாத. அந்த இடத்தில ஆர்தான் வேற சொல்லுவினம்?"

"கௌரியும் முதல்ல அப்பிடித்தான் சொன்னவ."

"பிறகு?"

"பிறகு ஒரு கேள்வி கேட்டவ."

அண்ணை அந்தக் கேள்வி என்னவென்று விசாரிக்கவில்லை. ஹோலுக்குக் காசு கட்டியாச்சு, கொத்துரொட்டிக்கும் சொல்லியாச்சு என்று புறுபுறுத்தார். அந்தப் பொன்னாடை பட்மின்ரனில் மாவட்டப் பரிசு வாங்கிய கம்சிகா என்ற பெண்பிள்ளைக்குப் போனது.

தவ்லத் இன்னும் மாவட்டச் சிறையில் இருக்கிறார். ரதீசன் வெம்பிளியில் ஒரு சட்டத்தரணியிடம் போய், ஜீப்பில் நடந்ததை ஆங்கிலத்தில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்திருக்கிறார். கஸ்பரும் பத்திரிகைகளுக்குத் திருத்தம் அனுப்பிவிட்டான். அதன் பிரதியை ரதீசனுக்கும் அனுப்பினான், கூட ஒரு வரியும் எழுதவில்லை. வழக்கு அடுத்த மாதம் பதினெட்டாம் திகதி, வியாழக்கிழமை, எடுக்கப்படுகிறது. சாட்சியைக் காணொளியில் ஏற்பதா என்பதை நீதிபதி அன்றுதான் தீர்மானிப்பார். ஏற்காவிட்டால் நேரில் போக ரதீசன் விசாவுக்கு விண்ணப்பித்திருக்கிறார்.