நாமக்கல்லுக்கு ஒரு கேள்வி கேட்கப் போனேன்

1963 மே மாதம், ஞாயிற்றுக்கிழமை. மாதா கோவிலில் முதல் பூசை முடிந்த கையோடு, காலை ஆறு ஐம்பதுக்குச் சேலத்தில் பஸ் ஏறினேன். நாமக்கல் முப்பத்திரண்டு மைல். டிக்கெட் ஒன்றேகால் ரூபாய். வயிறு காலி. சட்டைப் பையில் இரண்டு கடிதங்கள்.

ஒன்று அமெரிக்காவிலிருந்து வந்தது: பயன்பாட்டுக் கணிதத்தில் டாக்டர் பட்டத்துக்கு இடம், உதவித்தொகையுடன். மற்றது கல்கத்தாவில் ஒரு பேராசிரியர் கைப்பட எழுதியது. நான் அனுப்பிய கட்டுரையில் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டி, 'வா, சேர்ந்து திருத்துவோம்' என்றிருந்தார். கூடவே, 'நாமக்கல் பழனிசாமி என்னிடம் ஐந்து வருடம் இருந்தவர். என்னைப் பற்றி அவரிடம் விசாரித்துக்கொள்' என்று விலாசமும் தந்திருந்தார். என் மனம் கல்கத்தாவில்தான் இருந்தது. ஆனால் ரயில்வேயில் வேலை பார்க்கும் அப்பா ஓய்வு பெற நான்கே வருடம் பாக்கி. தங்கைகள் இரண்டு பேர். அதற்குள் நான் பட்டத்தோடு வந்து நின்றாக வேண்டும். செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு பேருக்கும் தந்தி கொடுக்க வேண்டும்.

ராசிபுரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒரு தகர டின்னை என் கால்மாட்டில் திணித்தார். "கொஞ்சம் ஒதுங்கிக்குங்க சாமி, நெய்யிங்க." நாமக்கல் வரைக்கும் காலை மடக்கிக்கொண்டு நெய்க்குக் காவல் இருந்தேன்.

எட்டே முக்காலுக்கு இறங்கினேன். திருச்செங்கோடு சாலையில் நான்கு மைல் போக ஜட்கா வண்டிக்கு முக்கால் ரூபாய்.

"கல்கத்தாவில் படித்த பழனிசாமி வீடு தெரியுமா?" என்றேன்.

வண்டிக்காரர் சிரித்தார். "ஊடு தெரியுமுங்க. ஆளு கெணத்து மேட்டுலதான் இருப்பாரு."

வீட்டில் பழனிசாமியின் மனைவி, தம்பி, சின்னப் பெண் என்று ஒவ்வொருவரும் தனித்தனியாக "வாங்க" என்றார்கள். நான் நின்றபடியே வந்த காரியத்தைச் சொல்ல ஆரம்பித்தேன். "மொதல்ல சாப்புட்டுப்போட்டுப் பேசுங்க" என்று அந்த அம்மாள் இலையைப் போட்டார். எட்டு இட்லி சாப்பிட்டேன்.

பழனிசாமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கிணற்று மேட்டில் ஆயில் இஞ்சின் ஓட, கையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். நீர்மட்டம் தாழ்ந்தால் ஊற்று வேகமாகச் சுரக்கிறது. ஆனால் ஆழத்திலிருந்து இறைக்க எண்ணெய் அதிகம் செலவாகிறது. எவ்வளவு நேரம் இறைத்து, எவ்வளவு நேரம் நிறுத்தினால் ஆதாயம்? அதுதான் கணக்கு. நானும் ஒரு பென்சிலை வாங்கிக்கொண்டேன். மணி இரண்டானபோது விடை அழகாக வந்து நின்றது. இவ்வளவு சந்தோஷமாக நான் கணக்குப் போட்டதே இல்லை.

"இதை அப்படியே எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுங்கள்" என்றேன்.

"இன்னும் ஒண்ணு பாக்கிங்க. பக்கத்துக் கெணத்துலயும் எறைச்சா என்னாகும்?"

"எத்தனை நாளாக இந்தக் கணக்கு?"

"மூணு வருசமாச்சுங்க."

அப்போதுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. பேராசிரியர் எப்படி என்று கேட்டேன்.

"தங்கமான மனுசனுங்க. ஒரு விடை கெடைச்சா, அதைவிட நல்ல கேள்வி ஒண்ணு வெச்சிருப்பாரு. அஞ்சு வருசம் நேரம் போனதே தெரியல. என் காலத்துல ஒருத்தரும் பட்டம் வாங்கல. ஊட்டுல அவசரமுன்னா நீங்க அங்க போவாதீங்க."

"உங்களை இப்போது கூப்பிட்டால்?"

அவர் இஞ்சினை நிறுத்தினார். "நாளைக்கே போயிருவேனுங்க."

மாலை நான்கரை மணி பஸ்ஸில் திரும்பினேன். சேலம் நெருங்கும்போது, பக்கத்துக் கிணற்றையும் சேர்த்து அந்தக் கணக்கை டிக்கெட்டின் பின்புறம் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கே பயமாகிவிட்டது. அந்த மனிதரிடம் போனால் நான் வீடு திரும்ப மாட்டேன்.

திங்கட்கிழமை காலை தந்தி ஆபீசில் அமெரிக்காவுக்குச் சரி என்றும், கல்கத்தாவுக்கு மன்னிக்கவும் என்றும் எழுதிக் கொடுத்தேன்.

பத்தாம் நாள் கல்கத்தாவிலிருந்து ஒரு கார்டு வந்தது. முதல் வரி வாழ்த்து. மீதி இடம் முழுவதும், விலாசத்தின் ஓரத்தில்கூட, பொடி எழுத்தில் ஒரு புதுக் கணக்கு.

அப்பா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கோவமா எழுதியிருக்காராடா?" என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.