மூன்றாவது குறை

மதுரையில் ஏறுவதற்கென்று இருப்பவை சில பாலங்கள்தான். ஆனாலும் ஆறாம் வகுப்பில் படித்த எனக்கு மலையேறுகிறவர்கள் ஓட்டும் சைக்கிள்தான் வேண்டியிருந்தது. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், பின்சக்கரத்தில் அடுக்கடுக்காகப் பல்சக்கரம். எங்கள் பள்ளியில் கியர் சைக்கிள் என்று சொன்னால் அதுதான். அம்மாவின் சீட்டுப் பணத்துக்குக் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள் புதிதாகவே கிடைத்தது. கியர் சைக்கிளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். நான் இரண்டு வேளை சாப்பிடாமல் படுத்துக் கிடந்தேன். "பொட்டப்பிள்ளைக்கு எதுக்குடி கியரு" என்று அலுத்துக்கொண்டே, பழைய சைக்கிள் ஏதாவது கிடைக்குமா பார் என்று அம்மா தன் தம்பிக்குச் சொல்லி அனுப்பினாள்.

மாமா உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர். சைக்கிளைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. தெரியத் தேவையுமில்லை என்பது அவர் கட்சி. காளவாசலில் ஒரு வீட்டில் கியர் சைக்கிள் சும்மா நிற்பதாக அவருக்குப் பழக்கமான டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, மாமாவும் கேட்கவில்லை. போகிற வழியில் எனக்கு என் வேலை சொல்லப்பட்டது. எந்த மாட்டுக்கும் மூன்று குறை சொன்னால்தான் விலை இறங்கும். இரண்டை அவர் சொல்லிவிடுவார். மூன்றாவதை நான் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

"பிரேக்கு பிடிக்கலைன்னு சொல்லு, போதும். பச்சப்பிள்ள பொய் சொல்லும்னு எவனும் நெனைக்க மாட்டான்."

அந்த வீட்டுக்காரர் படிக்கட்டுக்கு அடியிலிருந்து சைக்கிளை வெளியே கொண்டுவந்தார். அதன்மேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. நீல நிறம். டயரில் தேய்மானமே இல்லை. வலது பக்கம் மட்டும் உராய்ந்து பெயிண்ட் போயிருந்தது. மாமா பெயிண்டைச் சொன்னார். அவர் ஆமாம் என்றார். சீட் கல்லு மாதிரி இருக்கிறது என்றார் மாமா. அதற்கும் அவர் ஆமாம் என்றார். விற்கிறவர் எதிர்த்துப் பேசாததில் மாமாவுக்கு ஏமாற்றமாகத்தான் இருந்திருக்கும். வீட்டுக்காரருடைய மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தெருக்கோடி வரை ஓட்டினேன். திரும்பும் இடத்தில் லேசாகத்தான் அழுத்தினேன், சைக்கிள் அந்த இடத்திலேயே நின்றது. அவ்வளவு நல்ல பிரேக்கை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. திரும்பி வந்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கினேன்.

"பிரேக்கு பிடிக்கலை மாமா. எம்புட்டு அழுத்துனாலும் நிக்கவே மாட்டேங்குது."

இரண்டாவது வரி மாமா சொல்லிக்கொடுத்ததல்ல. நானாகச் சேர்த்தது. அதில் எனக்குப் பெருமை வேறு.

கதவருகே நின்றவர் சத்தம் போடவில்லை. கணவரைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டார். "பிரேக்கு பிடிக்கலப்பான்னு பிள்ள ரெண்டு தரம் வந்து சொன்னான்ல? நான் பிடிச்சுப் பாத்துட்டேன், எல்லாம் நல்லாத்தான் இருக்கு, போடான்னு நீங்கதான அனுப்புனீங்க. பாலத்து எறக்கத்துல பஸ்ஸுக்கு அடியில போயி விழுந்தான்ல எம்பிள்ள."

அந்த சைக்கிளை ஓட்டிய பையன் செத்துப்போனான் என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது. வீட்டுக்காரர் பிரேக்கைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கீழ்ப்படியில் உட்கார்ந்து, கையில் இருந்த பெட்ஷீட்டை மடிக்க ஆரம்பித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பார்த்தார். பிறகு அம்மா கொடுத்த பணம் முழுவதையும் படியில் வைத்துவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை. நான் இவ்வளவு நன்றாகச் சொல்லியும் முழுப் பணத்தைக் கொடுத்துவிட்டாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடு வரைக்கும் அவர் என்னை அதில் ஏறவிடவில்லை.

மறுநாள் காலை ஊருக்குப் போக ஆரப்பாளையத்தில் பஸ் ஏற வேண்டிய மாமா, சைக்கிளை எடுத்துக்கொண்டு காளவாசலுக்குப் போனார். உண்மையைச் சொல்லப் போகிறார் என்று அம்மா சொன்னாள். அவர் திரும்பி வந்தபோது நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"நம்ப மாட்டேங்கிறாருக்கா. பிரேக்கைப் பிடிச்சுக் காட்டுறேன், நேத்து கடையில குடுத்துச் சரி பண்ணிட்டு வந்திருக்கீங்கங்கிறாரு. ஆறுதலுக்குச் சொல்லாதீங்கண்ணே, பச்சப்பிள்ள பொய் சொல்லாதுண்ணேன்னு கையெடுத்துக் கும்பிடுறாரு."

மாமா சட்டையின் முன்பக்கத்தைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டார். அவர் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் என் காதில் விழுந்தது ஒன்றுதான். நான் பொய் சொல்லவில்லை என்று அந்த வீட்டுக்காரரே சொல்லிவிட்டார். இனி யாரும் என்னைத் திட்ட முடியாது.

சத்தமில்லாமல் சைக்கிளைத் தெருவுக்கு இறக்கினேன். முக்கு வரைக்கும் வேகமாக மிதித்துப் போய் பிரேக்கை அழுத்தினேன். அப்படியே நின்றது. மறுபடி மிதித்து, மறுபடி அழுத்தினேன். அன்று காலை முழுக்க அதையே செய்துகொண்டிருந்தேன், ஒவ்வொரு தடவையும் நின்றது, ஒவ்வொரு தடவையும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.