இருவருக்கும் ஒரே முடிவு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். என்ன நடக்கும் என்று தெரியாதபோது மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி. மாணவர்களைக் கணினி முன் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டிவிடுவோம். சற்று நேரத்தில் அதில் காதைக் கிழிக்கும் சத்தம் வரலாம், வராமலும் போகலாம். வருமா வராதா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள விருப்பமா என்று திரை கேட்கும். பெரும்பாலானவர்கள் ‘ஆம்’ என்று அழுத்துவார்கள். ‘வேண்டாம்’ என்பவர்களை எனக்குப் புரிந்ததே இல்லை.

எனக்கு ஒரு தங்கை. இரட்டையர்கள் நாங்கள். முகம் மட்டுமல்ல, குரலும் ஒன்று. போனில் அவள் கணவரே ஏமாந்துவிடுவார். சிம்பாங் பூலாய் பக்கம், இப்போது எண்ணெய்க்கான செம்பனை மரங்கள் நிற்கும் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் பிறந்தோம். நாங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் அம்மாவின் கைகால்கள் தன்னால் ஆட ஆரம்பித்தன. காரணமில்லாமல் கத்துவார். லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் பேய் பிடித்திருக்கிறது என்றார்கள். சர்ச்சில் ஜெபம் செய்தார்கள். கடைசியில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கேதான் ஒரு டாக்டர், இது பைத்தியம் இல்லை, பரம்பரையாக வரும் நரம்பு நோய் என்று கண்டுபிடித்தார். குணப்படுத்த மருந்து கிடையாது. பிள்ளைகளுக்கு வருவதற்கும் வராமல் இருப்பதற்கும் சரிபாதி வாய்ப்பு. ரத்தப் பரிசோதனையில் முன்பே தெரிந்துகொள்ளலாம்.

அம்மா இறந்த பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து சிலிபினில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மீன் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“க்கா, நான் அந்த டெஸ்ட் எடுக்கப் போறேன்.”

“எதுக்கு இப்போ?”

“பிள்ளை வேணும்லா எங்களுக்கு. தெரியாம எப்படிப் பெத்துக்கிறது?”

“எனக்குத் தெரிய வேணாம்.”

“உனக்கு யாரு சொல்லப் போறா? எனக்குத்தானே எடுக்கிறேன்.”

“உனக்கு இருந்தா எனக்கும் இருக்கும். நம்ம ரெண்டு பேரும் ஒரே கருதானே.”

கழுவிய மீனையே அவள் மறுபடியும் கழுவினாள். குழாயை மூடவில்லை.

பரிசோதனை செய்யவிருந்த டாக்டர் எங்கள் இருவரையும் கூப்பிட்டுப் பேசினார். தெரிந்துகொள்ள ஒருவருக்கு உரிமை இருக்கிறது, தெரியாமல் இருக்க இன்னொருவருக்கும் உரிமை இருக்கிறது, இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற என்னால் முடியாது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்றார். நாங்கள் பேசவில்லை, சண்டைதான் போட்டோம்.

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். ஈப்போவில் வியாபாரம் செய்யும் செட்டிநாட்டுக் குடும்பத்துப் பெண்மணி அவர், அளந்துதான் பேசுவார். பழக்க தோஷத்தில் எழுந்து வெண்பலகையில் ஒரு படம் வரையத் தொடங்கினார். இந்தப் பக்கம் தெரிவதால் வரும் நன்மை, அந்தப் பக்கம் பயம். பாதியில் நிறுத்தி, அவசரமாக அதை அழித்தார். “மன்னிச்சிடும்மா, எனக்கு வேற எப்படிப் பேசுறதுன்னு தெரியல” என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

கடைசியில் நான்தான் இறங்கிவந்தேன். பிள்ளை ஆசையில் இருப்பவளை எத்தனை நாள் தடுப்பது? என்ன வந்தாலும் என்னிடம் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கிக்கொண்டேன்.

பரிசோதனை முடிவு வந்ததும் தங்கை என்னைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள். முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். போன் பேசமாட்டாள், வாட்ஸப்பில் இரண்டு வார்த்தை எழுதுவாள். தமிழ் ஆராதனைக்கு வராமல் புருஷனும் பெண்டாட்டியும் ஆங்கில ஆராதனைக்கு மாறிவிட்டார்கள். அவள் நல்ல செய்தியையும் இப்படித்தான் மறைப்பாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி ‘வேண்டாம்’ என்று அழுத்தினாள். நானும் அதையே சொன்னவள்தான், ஆனாலும் ஏன் என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. சோதனையில் அதற்கு அனுமதி கிடையாது.

ஒரு சனிக்கிழமை காலை, சொல்லாமல் கொள்ளாமல் சிலிபினுக்குப் போனேன். அவள் கணவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். “உள்ள இருக்கா” என்றவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று திரும்பிக்கொண்டாள்.

“சொல்லிரு” என்றேன்.

“நீதானே வேணாம்னே?”

“நீ இல்லாம இருக்க முடியல. அதைவிடத் தெரிஞ்சிக்கிறதே தேவல.”

வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “இருக்குக்கா.”

தரையிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவள்தான் முதலில் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, இத்தனை நாள் இதை இவள் ஒருத்தியாகச் சுமந்தாளே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டேன். அதைச் சொல்லமுடியாதாம், சில வருஷமோ பல வருஷமோ ஆகலாமாம். யாருக்கு முதலில் என்பதும் தெரியாதாம்.

இப்போது மறுபடியும் ஆராதனையில் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறோம். பாட்டின் நடுவில் அவள் என் விரல்களைப் பார்ப்பதும், நான் அவள் விரல்களைப் பார்ப்பதும் இருவருக்கும் தெரியும். வேலையை நான் விடவில்லை. ஆனால் மாணவர்களுக்கு ஹெட்போன் மாட்டும் வேலையைத் தலைவியிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன்.

தங்கையும் அவள் கணவரும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்க விண்ணப்பித்தார்கள். குடும்பத்தில் நோய் உண்டா என்று அதிகாரி கேட்டபோது தங்கை மறைக்காமல் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் அதிகாரி படிவத்தில் எதையோ குறித்துக்கொண்டு, தகவல் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார். பதில் இன்னும் வரவில்லை. அதற்குள் அவள் கணவர் பிள்ளைக்கென்று பின்னறைக்குப் பெயின்ட் அடிக்க ஆரம்பித்துவிட்டார். இது சரியா தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வாரம் போனபோது அவர் ஏறியிருந்த ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.