மலைக்கு ஊற்றிய சாராயம்

எனக்கு ஏழு வயதாக இருந்தபோது, அப்பா குடியை விடவேண்டுமென்று அம்மா சாந்தா ரொசாலியாவுக்கு நேர்த்தி வைத்தார். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் இத்தாலியில் பலெர்மோத் தமிழர் எல்லோரும் ஏறுகிற மலைக்கோவில் அந்தப் புனிதையுடையது. ஒரு ஞாயிறு காலை அம்மா வெறுங்காலுடன் முன்னே ஏறினார். குடியை விடவேண்டியவர் நல்ல சப்பாத்துப் போட்டுக்கொண்டு என்னோடு பின்னால் வந்தார்.

கூடவே பெரு நாட்டு அன்ரியும் வந்திருந்தார். அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டில் வயதான வீட்டுக்காரச் சிஞ்ஞோராவைப் பராமரிப்பவர். எங்கள் வீட்டுக் கதை எதுவும் அவருக்குத் தெரியாது.

கடல் தெரிகிற ஒரு வளைவில் அன்ரி நின்று, அம்மா கோவிலுக்கென்று கொண்டுவந்த வெற்றிலையைக் கேட்டு வாங்கினார். அவர்கள் ஊரில் மலைக்கு யாத்திரை போகும்போது கொக்கா இலை மெல்லுவார்களாம். இங்கே அதற்குத் தடையாம். கிழியாத மூன்று வெற்றிலைகளை விசிறிபோலப் பிடித்து, உச்சியைப் பார்த்து மெல்ல ஊதினார். அவுசங்கதே என்றும், என் வாயில் நுழையாத வேறு பெயர்களாலும் யாரையோ அழைத்தார். எல்லாம் தன் ஊர் மலைகள் என்றார். கூப்பிட்டால் கேட்கும் மலைகள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பிறகு பையிலிருந்து சாராயப் போத்தலை எடுத்து, சின்னக் கோப்பையில் வார்த்து அப்பாவிடம் நீட்டினார்.

அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. “இஞ்சேருங்கோ, இதுக்கோ நான் வெறுங்காலோட ஏறுறன்?”

“முதலில் மலைக்கு,” என்று அன்ரி இத்தாலியனில் சொல்லி நிலத்தைக் காட்டினார். “பெயர் சொல்லி ஊற்றவேண்டும். பிறகுதான் நமக்கு.”

அப்பா கோப்பையை வாங்கினார். சில துளிகள் ஊற்றி, “சின்னவன்” என்றார். மறுபடி ஊற்றி, “கிளியக்கா” என்றார். கோப்பை வெறுமையானது. அன்ரி நிரப்பினார். பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. அன்ரி தொப்பியைக் கழற்றிவிட்டு அசையாமல் நின்றார். அப்பா ஒரு சொட்டுக்கூட நாக்கில் வைக்கவில்லை.

“மூத்தவளை விட்டிட்டியள்,” என்றார் அம்மா.

அப்பா கோப்பையைக் கீழே வைத்தார். “அவளுக்கு இது வேண்டாம். தண்ணியை எடும்.”

அம்மா தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார். இருவரும் சேர்ந்தே பிடித்து ஊற்றினார்கள். ஈர மண்ணைப் பார்த்தபடி நான் மூச்சுவிடவும் பயந்து நின்றேன்.

அப்பா அன்றோடு குடியை விட்டார் என்று சொன்னால் அம்மாவே சிரிப்பார். ஆனால் அதன்பின் முதல் வாயைப் பல்கனிச் செடிக்கு ஊற்றாமல் அவர் குடித்ததில்லை.

அன்று பின்னேரம் நான் ஒரு படம் கீறினேன். வரிசையாக அப்பாவின் ஊர் மலைகள். எல்லாவற்றிலும் உயரமானதற்கு, தெரிந்த தமிழில் “மூத்தவள்” என்று பெயர் எழுதி, அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அம்மா அதை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அப்பாவின் ஊரான வன்னியில் மலைகள் இல்லை என்பதும், அவர் சொன்னவை அங்கே போரில் செத்தவர்களின் பெயர்கள் என்பதும், ஆறு வயதிலேயே அப்படிப் போய்விட்ட ஓர் அக்கா எனக்கு இருந்திருக்கிறாள் என்பதும் அப்போது தெரியாது.