எந்தப் பக்கம் இடிக்குது?

மழை வரப்போகிறது என்றால் வானத்துக்கே அது தெரியவர முன்னம் என் தலைக்குத் தெரிந்துவிடும். இதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை. வாடைக்காற்று திரும்பினால் இடிக்கும், சோளகக் காற்று எழும்பினால் இடிக்கும், வங்கக்கடலில் எங்கோ ஒரு தாழமுக்கம் சோம்பல் முறித்தால், கிளிநொச்சியில் வாய்க்கால் ஓரத்து வீட்டில் நான் வாந்தியெடுக்க வாளியைத் தேடி ஓடுவேன். முதலில் கண்ணுக்குள் ஒரு வெளிச்சக் கோடு நெளியும். அரை மணித்தியாலத்தில் பாதித் தலைக்குள் யாரோ உலக்கை போடத் தொடங்குவார்கள். அதன் பிறகு வெளிச்சமும் சத்தமும் குசினியில் வெங்காயம் தாளிக்கும் மணமும் எனக்கு ஜென்ம விரோதிகள்.

நோவு ஒருபக்கம் இருக்கட்டும். அதை ஒருவரும் நம்பாததுதான் என்னைக் கொன்றது. கால் முறிந்தவருக்குக் கட்டு இருக்கிறது. காய்ச்சல்காரரை நெற்றியில் தொட்டுப் பார்க்கலாம். எனக்கு என்ன இருக்கிறது? வைத்தியர் ஸ்கான் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உள்ளுக்க ஒரு பிழையுமில்லை, ரென்சன்தான்" என்று குளிசை எழுதித் தந்தார். என் கணவர் வீட்டுக்கு வந்த கையோடு சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் போன் போட்டு, "இவவுக்கு ஒண்டுமில்லையாம்" என்று நல்ல செய்தி சொன்னார். பதின்மூன்று வருடமாக நான் ஆசைப்பட்டது ஒன்றுக்குத்தான். ஒரே ஒரு மனிதப்பிறவி என் முகத்தைப் பார்த்து, ஓம், உமக்கு நோகுதுதான் என்று சொல்லவேண்டும்.

அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொன்னார்கள். முடியைக் கட்டையாக வெட்டச் சொன்னார்கள். கண்பட்டது என்று நாவூறு கழித்தார்கள். என்னோடு படிப்பிக்கிற, கொக்கிளாய்க் கடற்கரைப் பக்கத்து ரீச்சர் ஒருவர், "எங்கட ஆக்கள் கடலைப் பார்த்தே மழையைச் சொல்லுவினம், உங்களுக்கு ஏன் இதுக்கெண்டு ஒரு தலை?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

கடைசியில் என்னை நம்பியது பக்கத்து வீட்டு அக்கா. அவவும் கணவரும் மூன்று ஏக்கர் வயல் செய்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வெட்டு மெசின் வெட்டிக் கொட்டும் நெல்லைத் தார் றோட்டில்தான் காயவிடுவோம். பாதி றோட்டில் நெல், பாதி றோட்டில் வாகனம், நடுவில் கரையாகக் கல்லும் மரக்கொப்பும். பஸ்காரர்கூட மரியாதையாக விலகிப்போவார். மழைக்கு மட்டும் அந்த மரியாதை தெரியாது. தை மாசியில் வரும் காலபோக அறுவடை ஒன்றில், நான் தலையில் ஈரத்துவாயைக் கட்டிக்கொண்டு கிடந்த மூன்று தடவையும் அடுத்த சில மணித்தியாலங்களில் மழை கொட்டியதை அக்கா கவனித்துவிட்டா. நாலாவது தடவை துவாயைக் கண்டதும் நெல்லை அள்ளிக் கட்டினா. மழை வந்தது. மற்றவர்களின் நெல் வாய்க்காலோடு போனது.

அன்றிலிருந்து என் தலை ஊருக்குப் பொதுச்சொத்து. மிளகாய் காயப்போடுவதற்கும் வெட்டு மெசினுக்குச் சொல்லிவைப்பதற்கும் என்னைக் கேட்பார்கள். பிள்ளை பெரியவளானதற்குச் செய்யும் சாமத்தியவீட்டுக்குப் பந்தல் போட நாள் கேட்டு வந்தவர்களும் உண்டு. "எந்தப் பக்கம் இடிக்குது?" என்பது முதல் கேள்வி. வலது பக்கம் என்றால் பெருமழை, இடது பக்கம் என்றால் தூறல் என்று அவர்களாகவே ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். "சத்தி எடுத்தனீரோ?" என்று கேட்கும்போது அவர்கள் முகத்தில் ஒரு ஆவல் தெரியும். வாந்தி எடுத்திருந்தால் இரண்டு நாள் மழையாம். குளம் வற்றிய வருடம் ஒன்றில் ஒரு பெரியவர் என்னைச் சந்தியில் மறித்து, "பிள்ளைக்கு இந்த முறை தலையே இடிக்கேல்லையாமே" என்றார். ஏதோ நான் வேலைக்குக் கள்ளம் செய்வதுபோல அவருக்குக் கோபம்.

அக்கா அப்படியில்லை என்று சொல்லத்தான் ஆசை. அவவும் பக்கம் கேட்பவதான். ஆனாலும் கேட்டுவிட்டு, போகும்போது எங்கள் சேவலைத் துரத்திவிட்டுப் போவா, அது என் யன்னலடியில் கூவாமல். நம்பிக்கையின் அளவு அவ்வளவுதான் என்றாலும் எனக்கு அது போதுமாக இருந்தது.

போன தை மாதம் அதையும் நானே கெடுத்தேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேற்பார்வைக்கு ஆட்கள் வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டு, "ரீச்சர், நாளைக்கும் உங்களுக்கு மழை வருமோ?" என்று கேட்டார். அலுவலகத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், உள்ளுக்குள் அவரை நல்ல தமிழில் திட்டியபடி. செத்தாலும் நாளைக்கு லீவு எடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

விடிய எழும்பும்போதே கண்ணுக்குள் கோடு நெளிந்தது. சாறி கட்டி, பவுடர் பூசி, சிரித்த முகத்தோடு வெளியே வந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் அக்கா கடகம் நிறைய நெல்லோடு நின்றா. அடுத்த போகத்துக்கு விதைநெல் என்று நல்ல துண்டு வயலில் வெட்டிப் புறம்பாக வைத்திருந்த நெல் அது.

"பிள்ளை, தலை எப்பிடி?"

"சோக்காய் இருக்கக்கா" என்றேன்.

இடிக்கிறது என்று சொன்னால் அவ றோட்டில் நெல்லைப் பரப்பமாட்டா. பரப்பாவிட்டால் றோட்டால் போகிறவர்கள் காரணம் கேட்பார்கள். அந்தக் கதை எனக்கு முன்னம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும். இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் யோசித்தேன். நெல்லை மட்டும் யோசிக்கவில்லை.

பின்னங்கள் படிப்பித்தேன். கரும்பலகையின் இடது பாதி என் கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால் வலது பாதியில் மட்டும் நெருக்கி நெருக்கி எழுதினேன். கடைசி வாங்கில் பிள்ளைகளோடு இருந்த மேற்பார்வை அதிகாரி, கரும்பலகையைச் சிக்கனமாகப் பயன்படுத்துகிறார் என்று குறிப்பெழுதினார். பதினொரு மணிக்குத் தகரக்கூரையில் முதல் துளி விழுந்தது. பிறகு வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். நான் சோக்கட்டியோடு நின்றேன். அப்போதுதான் நெல்லை யோசித்தேன்.

நான் வீட்டுக்கு வரும்போது அக்காவும் கணவரும் வாய்க்கால் கரையில் குனிந்து சேறும் நெல்லுமாக அள்ளிக்கொண்டிருந்தார்கள். முக்கால்வாசி போய்விட்டது. மிச்சமும் விதைக்கு ஆகாது. அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தா.

"உமக்கும் தெரியேல்லைப் போல, என்ன?"

அவவே தப்ப வழிவிட்டா. நான் வெட்கமில்லாமல் அதற்குள் புகுந்தேன். "ஓமக்கா, தெரியேல்லை."

ஒரு கிழமை சரியாகச் சாப்பிடவில்லை. என் கணவர் இது புது வருத்தமோ, வைத்தியரிடம் போவோமோ என்று கேட்டார். எட்டாம் நாள் வேலியடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். விடியவே இடித்தது, தெரிந்துகொண்டுதான் பொய் சொன்னேன், அதிபருக்குப் பயந்து சொன்னேன் என்றேன். அக்கா பேசித் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஓ" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனா.

அதன் பிறகு அவ என்னைக் கேட்பதில்லை. தன் மகளின் போனில் வானிலை பார்த்தா. அந்தப் போன் எங்களூர் மழையை ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை, இருந்தாலும் அதையே பார்த்தா. ஊரெல்லாம் என் தலையைக் கேட்டு நச்சரித்த காலத்தில் எரிச்சல்பட்டவள், இப்போது ஒரு ஆள் கேட்காததற்கு வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

மாசியில் கடைசித் துண்டு வயலும் வெட்டி, அக்கா மறுபடி றோட்டில் நெல் பரப்பினா. சனிக்கிழமை. வானம் கழுவித் துடைத்த தட்டுப்போல் கிடந்தது. பத்து மணிபோல் எனக்கு வலது பக்கம் பிடித்தது, வழக்கத்தைவிட மோசமாக. சுவரைப் பிடித்துப் பிடித்து றோட்டுக்கு வந்து, "அக்கா, நெல்லை அள்ளுங்கோ" என்றேன்.

அவ வானத்தைப் பார்த்தா. பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. சாக்கை விரித்தா. நான் உதவிக்குக் குனிய, "நீர் போய்க் கிடவும்" என்றா. அவவும் கணவருமாக அந்த வெயிலில், போகிற வருகிறவர்கள் எல்லாம் நின்று வேடிக்கையாக விடுப்புப் பார்க்க, முழுவதையும் அள்ளிக் கட்டினார்கள்.

மழை வரவில்லை. மத்தியானம் வெயில் எரித்தது. பின்னேரம் ஒரு முகில்கூட இல்லை. என் கணவர் யன்னலால் எட்டிப் பார்த்து, "நெல்லுக் காய நல்ல வெயில்" என்று றோட்டின் வெறுமையைக் காட்டினார். ஒருநாள் வெயிலை நான் அந்தக் குடும்பத்துக்கு வீணாக்கிவிட்டேன். இனி இந்தத் தலையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல், இருட்ட முன்னம் வேலியடிக்குப் போனேன்.

"அக்கா, மழை வரேல்லை."

"அது வராட்டில் கிடக்கட்டும்" என்றா அக்கா, சாக்கின் வாயைக் கட்டிக்கொண்டே. "உமக்கு இடிச்சதுதானே?"

"ஓம்."

"முகத்தைப் பார்க்கவே தெரிஞ்சது. சரியான நோவு, என்ன?"

அழுதால் தலையிடி கூடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கூடட்டும் என்று வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.